அமிர்தவள்ளியின் வலது கால்

ஆம்பூரில் ஷூ வேலைக்குப் போகாத வீடு கம்மி. ஷூ போட்டு நடக்கிற பெண்பிள்ளை அதைவிடக் கம்மி. முப்பத்தோரு வருஷம் வெளிநாட்டுக்காரிகள் போடுகிற ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லது இது, கெட்டது இது என்று பிரித்து வைத்தவள் எங்கள் தெரு அமிர்தவள்ளி. அவள் காலில் கிடந்தது எப்போதும் ரப்பர் செருப்புதான். இப்போது அவளுக்கு அறுபத்தொன்பது வயசு. எனக்கு எழுபத்து மூன்று என்று ஆதாரில் போட்டிருக்கிறார்கள். போட்டவனுக்குத்தான் வெளிச்சம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் செக்கிங்கில் நின்றவர்கள். அவள் மேசை வெளிப்பக்கம். இரண்டு காலும் ஒரே நிறமா, தையல் நேராக ஓடியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு பொட்டு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். அடுத்த மேசை என்னுடையது, உள்பக்கம். கையை உள்ளே விட்டு, ஆணி முனையோ நூல் முடிச்சோ துணி மடிப்போ காலை உறுத்துமா என்று தடவிப் பார்க்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த வேலைக்கு எழுத்து வேண்டியதும் இல்லை. அவள் வேலையை நான் தொடக் கூடாது, என் வேலையை அவள் தொடக் கூடாது. தொட்டால் சூப்பர்வைசர் கத்துவான். முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஒரு ஷூவுக்குள்ளும் கை விட்டதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிலிருந்து நின்ற வருஷமே அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். சர்க்கரையும் வந்தது. மகன் தமிழ்வேந்தனுக்குப் பெங்களூரில் வேலை. மற்றவளாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பாள். இவள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரமே என் கதவைத் தட்டினாள்.

"யக்கா, எழுந்திரு. நடக்கப் போறோம்."

"எங்கமே?"

"பாலாறு பாலம் வரைக்கும்."

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல. திரும்பி வர்றதுக்குத்தான் போறோம்."

அப்படித் தொடங்கியது. இரண்டு பேர் நடந்தோம். பிறகு எதிர் வீட்டு அஜீஸுன்னிசா சேர்ந்தாள். ஒவ்வொருத்தியாய் வந்து பதினோரு பெண்கள் ஆனோம். ஒருத்தி வராவிட்டால் அமிர்தவள்ளி அவள் வீட்டு வாசலில் போய் நின்று, ஜன்னலைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். அந்தப் பயத்திலேயே எல்லோரும் வந்தார்கள். நடந்து வந்த பிறகு அவள் வீட்டில் டீ. டீ குடிக்கிற நேரம் பேப்பரை எடுத்து எங்களுக்குப் படித்துச் சொல்வாள். ஊரில் எது நடந்தாலும் எனக்கு முதலில் தெரிந்தது அவள் வாயால்தான். எனக்கு மாத்திரையில் ஒன்று குறைந்தது. அஜீஸுன்னிசாவுக்கு மூட்டு வலி குறைந்தது. ஆறு வருஷம் இப்படிப் போனது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவளுக்குக் கால் எரிகிறது, பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் பார்க்கிற பிரிவில் ஷர்மிளா என்று ஒரு நர்ஸ். நல்ல பெண். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்கம்மா. நான் கால்ல தொட்டா 'தொட்டுட்ட'ன்னு சொல்லுங்க" என்றாள்.

அமிர்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். "தொட்டுட்ட... ம், தொட்டுட்ட... இப்பவும் தொட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஷர்மிளா என்னைப் பார்த்து அந்த நரம்பை உயரத் தூக்கிக் காட்டினாள். கடைசி இரண்டு தடவை அவள் தொடவே இல்லை.

"இன்னாமே, அந்தப் பொண்ணு கையே வெக்கல. நீ பாட்டுக்குத் தொட்டுட்டங்கிற?"

"எனக்கு எப்படி கால் தெரியாமப் போவும்? தெனம் நாலு கிலோமீட்டர் நடக்குறவ நான்" என்று என் மேல் பாய்ந்தாள்.

ஷர்மிளா பொறுமையாகச் சொன்னாள். உணர்ச்சி போன கால். முள் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது. மெத்தென்ற ஷூவோ, பின்னால் பட்டி வைத்த செருப்போ போட வேண்டும். தினம் சாயங்காலம் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். "காலுக்கு வலி தெரியலம்மா. இனிமே கண்ணுதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். ஆஸ்பத்திரியிலேயே செருப்பு செய்து கொடுக்கிற ரூம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றும் சொன்னாள்.

"ஆம்பூர்க்காரி வேலூருக்கு வந்து செருப்பு வாங்கினு போனா ஊரு சிரிக்கும்மா. நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு அமிர்தவள்ளி எழுந்துவிட்டாள்.

அடுத்த நாள் நான் ஆலங்காயத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். நான் இல்லாத சமயம் அவள் பைபாஸ் ஓரம் ரிஜெக்ட் ஷூ விற்கிற கடைக்குத் தனியாகப் போயிருக்கிறாள். கம்பெனிகள் சின்னக் குறைக்குத் தள்ளிவிட்ட ஷூக்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினேழு ஜோடியைக் கழித்துப் போட்டாளாம். கடைக்கார மக்பூல் அகமது பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க வாங்க வந்தீங்களா, செக்கிங் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டாராம். பதினெட்டாவது ஜோடியில் வலது ஷூவின் மூக்கு மட்டும் ஒரு சாயல் கறுப்பு ஜாஸ்தி. இதனால்தான் தள்ளியிருக்கிறார்கள், இது காலுக்கு ஒன்றும் செய்யாது என்று அதை எடுத்துக்கொண்டாள்.

நான் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஷூவோடு நடந்து வந்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

அஜீஸுன்னிசா, "அரே அமிர்தம், நான் ஷூ போட்டா பர்தாவுக்குள்ள எவளுக்கும் தெரியாது. நீ புடவைக்குக் கீழ போட்டுனு மிலிட்டரி மாதிரி வர்றியே!" என்றாள்.

"சிரிங்கடி. நான் பாஸ் பண்ண ஷூவ ஜெர்மன்காரி போட்டா ஃபேஷன், நானே போட்டா மிலிட்டரியா?"

நான் அந்த ஷூவை வாங்கிப் பார்த்தேன். வெளியே நல்ல தையல். "பரவால்லமே, நல்லாத்தான் எடுத்திருக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கையை உள்ளே விடவில்லை. அவள் பார்த்து எடுத்தது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். அவள் உள்ளே பார்க்க மாட்டாள் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

அந்த வாரமே அஜீஸுன்னிசா வீட்டில் கல்யாணப் பேச்சு முடிந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அமிர்தவள்ளி உள்ளே போனாள். வழவழவென்று சிமெண்ட் தரை. அஜீஸுன்னிசா பிரியாணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அமிர்தம், காலக் கழுவினு வந்தியா? ஒரு காலு மட்டும் ஈரம் வெக்குதே!"

தரையைப் பார்த்தேன். வலது கால் பட்ட இடமெல்லாம் சின்ன வட்டமாக ஈரம். அவளை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்துக் காலைத் திருப்பினேன். கட்டை விரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் காசு அளவுக்குப் புண். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை; நர்ஸ் சொன்ன கண்ணாடியை அவள் எடுக்கவே இல்லை போல. "இன்னாக்கா, இன்னா பாக்குற?" என்று என்னையே கேட்கிறாள்.

நான் வாசலுக்குப் போய் அந்த ஷூவுக்குள் கையை விட்டேன். ஒரு நொடி வேலை. உள்துணி இரண்டாக மடிந்து, பசை இறுகி, வரப்பு மாதிரி நின்றது. கம்பெனியில் என் மேசைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருப்பேன். அன்றைக்கு நான் பிரியாணி சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து, ஆழம் பார்த்து, "இன்னும் எலும்பைத் தொடவில்லை. தொட்டால் விரல் போகும், அதற்கு மேலும் போகலாம்" என்றார். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கழிப்பறைக்கு மட்டும் வாக்கர் பிடித்துப் போகலாம். வாரம் ஒரு தரம் வந்து கட்டை அறுத்து, புண்ணை அளந்து, மறுபடி கட்டு.

தமிழ்வேந்தன் அன்றே காரில் வந்துவிட்டான். பாசமான பிள்ளைதான். பயந்துவிட்டான்.

"ம்மா, போதும். கெளம்பு. அங்க லிஃப்ட் இருக்கு, ஆள் போட்டுக்குறேன். நீ உக்காந்த எடத்துல எல்லாம் வரும்."

"உக்காந்த எடத்துலயே எல்லாம் வந்துட்டா, நான் எதுக்குடா எழுந்திருக்கணும்?"

"இப்படிப் பேசிப் பேசித்தான் கால இந்த கதிக்குக் கொண்டாந்திருக்க. பெரிம்மா, நீங்களாவது சொல்லுங்க."

என்னைத்தான் அவன் பெரிம்மா என்பான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளை அங்கே நாலாவது மாடியில் உட்கார வைத்தால் இரண்டு வருஷத்தில் என்ன ஆவாள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் அவளே பேசி முடித்தாள். "ரெண்டு மாசம் குடுடா. புண்ணு ஆறி, நான் நடந்து, கால்ல ஒரு செவப்புகூட இல்லன்னா நான் என் வீட்ல இருப்பேன். இல்லன்னா நீ சொல்ற எடத்துக்கு வாய மூடினு வர்றேன்."

"வாய மூடினா?" என்றான் அவன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கப்புறம் அவள் அந்தக் கட்டோடு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். தெருப்பக்கம் ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னாள். இன்னொரு நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டாள். காலையில் நாங்கள் நடக்கப் போகும்போது ஒவ்வொருத்தியும் அந்த ஜன்னலில் முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போதும் காட்ட வேண்டும். சீக்கிரம் வந்தால், "பாலத்துக்குப் போகாம பாதியில திரும்பிட்ட, இல்ல?" என்பாள். எப்படிக் கண்டுபிடிப்பாளோ தெரியாது. இரண்டு தண்ணீர் பாட்டிலை இரண்டு கையில் பிடித்துத் தூக்கி இறக்குவாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி. சோற்றை அளந்து சாப்பிட்டாள். அவள் சர்க்கரை அவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை.

வெளிப்பக்கம் பார்க்கிற கண் சும்மா இருக்குமா? ஒரு நாள் எல்லோரையும் செருப்பைக் கழற்றி ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். அடிப்பாகம் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தே, "நீ வலது பக்கம் சாஞ்சு நடக்குற. அஜீஸு, உன் குதிகால் வெளிப்பக்கமே தேஞ்சிருக்குது, அதான் மூட்டு வலி மறுபடி வருது. இந்தச் செருப்ப இன்னிக்கே தூக்கிப் போடு" என்று வரிசையாகச் சொன்னாள். அஜீஸுன்னிசா டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவரும் அதையே சொன்னாராம். அதிலிருந்து அடுத்த தெருக்காரிகள்கூடச் செருப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வந்தார்கள். நடக்க முடியாத ஒருத்தி எங்கள் தெரு நடையை நடத்தினாள். நடையில் ஒருத்திகூடக் குறையவில்லை. இரண்டு பேர் கூடவே சேர்ந்தார்கள்.

அவள் தப்பும் செய்தாள். ஐந்தாவது வாரம். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராமல் திடீரென்று வந்துவிட்டது. நான் வீட்டில் இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவளால் உட்கார முடியவில்லை. மாவுக்கட்டோடு நடந்து நாலு குடம் பிடித்துவிட்டாள். எங்களிடம் சொல்லவில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கட்டை அறுத்தால், கட்டின் அடி நொறுங்கியிருக்கிறது. புண் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"நடந்தீங்களாம்மா?" என்று ஷர்மிளா கேட்டாள்.

இல்லை என்பாள் என்று நினைத்தேன். கட்டின் நொறுங்கிய அடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நடந்தேன். நாலு கொடம். என் தப்புதான், எழுதிக்கோ" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து "என் தப்பு" என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தண்ணீர் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடங்களை நான் பிடித்தேன், அஜீஸுன்னிசாவின் மருமகள் பிடித்தாள்.

இரண்டு மாசம் முடிந்த அன்று தமிழ்வேந்தன் வந்தான். புண் துவரம்பருப்பு அளவுக்கு இன்னும் திறந்திருந்தது. அமிர்தவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். சொன்ன சொல் சொல்தானே. "பையில துணி எடுத்து வைக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

டாக்டரம்மாதான் அவனிடம் பேசினார். "தம்பி, உங்கம்மா நாலு குடம் தூக்கியதால் பத்து நாள் போச்சு. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இந்த வயதில் இப்படி ஆறுகிற புண்ணை நான் தினம் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள்." அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அந்த மாதிரிக் குனிந்த தலையை அவனும் பார்த்ததில்லை. "ரெண்டு வாரம்மா. ஒரு நாள் ஜாஸ்தி கேக்கக் கூடாது" என்றான்.

பத்தாவது வாரம் புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். ஷர்மிளாவே கையைத் தட்டினாள். இந்தத் தடவை அமிர்தவள்ளி எதிர்ப்பேச்சு இல்லாமல் செருப்பு ரூமுக்குப் போனாள். அங்கே ஜான்சன் என்று ஒருவர் அவள் பாதத்தை அளவெடுத்து, காலில் உணர்ச்சி போனவர்களுக்கென்று இருக்கிற மெத்தென்ற எம்.சி.ஆர் ரப்பரில், பின்னாலும் பட்டி வைத்த செருப்பு செய்து வைத்திருந்தார். போட்டுப் பாருங்கள் என்று நீட்டினார்.

அவள் போடவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வழக்கம்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைப் பட்டிக்கு உள்ளே விட்டாள்.

"உள்ளங்கையால தடவாதமே. நம்ம உள்ளங்கை காய்ச்சுப் போனது, ஒண்ணும் தெரியாது. பொறங்கையால தடவு" என்றேன். அது என் மேசைத் தொழில்.

திருப்பித் தடவினாள். இடது செருப்பு முடிந்தது. வலது செருப்பில் கை நின்றுவிட்டது.

"தம்பி, இங்க தையல் முடிஞ்ச எடத்துல ஒண்ணு இருக்குது."

"இருக்காதும்மா. நான் பாத்துட்டுதான் குடுத்தேன்."

"நீ கண்ணால பாத்திருப்ப. நானும் அப்படித்தான் பாத்தேன், பத்து வாரம் ஒக்காந்தேன். கைய விட்டுப் பாரு."

ஜான்சன் விரலை விட்டார். முகம் மாறிவிட்டது. நூல் முடிச்சு, கடுகு அளவுதான். உடனே பிரித்து, மறுபடி தைத்து, தட்டி மட்டம் செய்து கொடுத்தார். "எங்கேம்மா வேல செஞ்சீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "இனிமே ஒவ்வொரு ஜோடியும் கைய விட்டுப் பாத்துதான் குடுப்பேன்" என்றார். நல்ல மனுஷன். சிலர் கோபப்பட்டிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நடை. பத்து நிமிஷம்தான் நடக்கலாம் என்று உத்தரவு. போக ஐந்து, வர ஐந்து. தமிழ்வேந்தன் செல்போனில் மணி வைத்துக்கொண்டான். தெருவே வாசலில் நின்றது. நாங்கள் பன்னிரண்டு பேரும் பின்னால் கிளம்பினோம்.

"எதுக்குடி கூட்டம்? சாமி ஊர்வலமா போவுது? தள்ளிப் போங்க, காத்து வரட்டும்."

யார் தள்ளிப் போனோம்! மாவு மில் முனை வரைக்கும் போனாள். அவசரப்படவில்லை, அடியை அளந்து வைத்தாள். திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அரை மணி கழித்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும், செருப்பு எங்கே அழுத்தியிருந்தாலும் அதற்குள் சிவந்துவிடும் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். அந்த அரை மணி நேரம் அவள் பேப்பரைக் கையில் எடுத்தாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நாங்கள் டீயை ஆற விட்டோம்.

நேரம் ஆனதும் தமிழ்வேந்தன் தரையில் உட்கார்ந்தான். செல்போன் லைட்டைப் போட்டு, அம்மாவின் வலது காலை மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாகப் பார்த்தான். பிறகு இடது கால். பிறகு மறுபடியும் வலது.

"பெரிம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க பாருங்க."

நான் பார்த்தேன். புறங்கையால் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை, சிவப்பு இல்லை. புதுத்தோல் புதுத்தோலாகவே இருந்தது. "சுத்தமா இருக்குதுடா" என்றேன். அஜீஸுன்னிசா முந்தானை இல்லாத குறைக்கு என் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் அந்தக் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சரிம்மா. நீ ஜெயிச்சுட்ட."

"நான் ஜெயிக்கலடா. கால் ஆறிச்சு."

"பொங்கலுக்காவது வருவியா?"

அமிர்தவள்ளி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்; விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"உங்க வீட்டாண்ட நடக்க எடம் இருக்குதா?"

"பார்க் இருக்கும்மா."

"அப்ப நாலு நாள் வர்றேன். அஞ்சாவது நாள் என்னைக் கொண்டாந்து விட்டுடணும். இங்க பன்னெண்டு பேர் இருக்காளுங்க, ஒருத்தியும் சொன்னாக் கேக்குறவ இல்ல."

"நாங்களா?" என்று நான் கேட்டேன்.

"நீதான்க்கா மொதல் ஆளு" என்றாள்.